விஜயதசமி பேட்ச்

விஜயதசமியன்று காலை எட்டே முக்காலுக்கு ஜமீர் மாடியிலிருந்து இறங்கி வந்து, பின்பக்கத்து வீட்டுக் கதவருகே நின்று, உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

"பரிதா, கம்ப்யூட்டர் பொட்டி எழுந்திருக்க மாட்டேங்குது."

"என்னாங்க சொல்றீங்க? முந்தாநாள் நல்லாத்தானே ஓடிச்சு?"

"முந்தாநாள் ஓடிச்சு. நேத்து பூஜை, யாரும் ஓட்டல. இன்னைக்கு ஸ்விட்ச் போட்டா உர்ருங்குது, மூஞ்சி மட்டும் கறுப்பாவே இருக்குது."

"நீங்க எதையும் கழட்டலியே?"

ஜமீர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பரிதா கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டபடி அவன் பின்னால் படியேறினாள்.

தருமபுரி பென்னாகரம் ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஜமீரும் மாதேஸ்வரனும் கூட்டாக நடத்தினார்கள். மெஷின்களைப் பழுது பார்ப்பது ஜமீர். பாடம் சொல்வது, பரீட்சைக்குப் பணம் கட்டுவது, பெற்றோரிடம் பேசுவது எல்லாம் மாதேஸ்வரன். பதினோரு டைப்ரைட்டர்கள் இருந்தன. எண்பத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில் பன்னிரண்டாவதாக இந்தக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி புதிது வாங்கியதால் தள்ளிவிட்ட பழையது. ஜமீருக்கு அதைப் பார்த்ததும் ஆசை. மாதேஸ்வரனுக்குப் பயம். "ஆறு பேர் சேந்தா வெச்சுக்கலாம் பாய். சேரலைன்னா தீபாவளிக்குள்ள திருப்பி அனுப்பிடணும். அதுக்கு அந்த பெங்களூர்க்காரர் ஒத்துக்கிட்டாத்தான் வண்டியேத்துவேன்" என்று சொல்லி, அப்படியே பேசி முடித்திருந்தார்.

கம்ப்யூட்டர் பாடம் சொல்லப் போகிறவள் பரிதா. அதுவும் ஜமீரின் யோசனைதான். டைப்பிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் பண்ணியவள், கல்யாணத்துக்குப் பிறகு அதைக் கையில் தொடாமல் இருந்தாள். ஒரு மாதம் காலை ஆறு மணி பஸ்ஸில் சேலம் போய்ப் படித்துவிட்டு வந்தாள். வகுப்பில் பதினெட்டு ஆண்கள். இவள் ஒருத்திதான் பெண். முதல் வாரம் கடைசி வரிசை. மூன்றாவது வாரம், மெஷின் முறைத்துக்கொண்டு நின்றால் சாரே, "அந்தம்மாவைக் கூப்பிடுங்கப்பா" என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது. அந்த வார்த்தையை அவள் ஜமீரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரப் பயணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பொட்டி திரும்பிப் போனால் அவளும் மாவு பிசையத் திரும்பிப் போகவேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும்.

சேருகிறேன் என்று சொல்லியிருந்தவர்கள் சரியாக ஆறு பேர். ஆறு பேரும் அதியமான்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் முதலாவது நஞ்சப்பனின் மகள் முனியம்மாள். நஞ்சப்பன் சேர்த்தால் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் சேர்ப்பார்கள். அவர் எழுந்து போனால் அவர்களும் எழுந்துவிடுவார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். விஜயதசமியன்று பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில், நல்ல நேரத்தில், பெண் மெஷினில் கை வைக்கவேண்டும். "ஆரம்பம் தடங்கலா இருந்தா அப்புறம் படிப்பு ஏறாதுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

கம்ப்யூட்டருக்கென்று மரத்தடுப்பும் கண்ணாடியும் வைத்துத் தனி அறை. தரையில் சிவப்புக் கம்பளம். செருப்பை வெளியே விடவேண்டும். முந்தின நாள் ஆயுத பூஜை நடந்த வாசனை அறையில் அப்படியே இருந்தது. டைப்ரைட்டர்கள் பதினொன்றும் குங்குமம் சந்தனத்தோடு, மஞ்சள் சாமந்தி சுற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. சுவர்க் கடிகாரத்துக்குப் பொட்டு. பேப்பர் தைக்கிற பின் மெஷினுக்குப் பொட்டு. கோந்து பாட்டிலுக்கும் பொட்டு. மாதேஸ்வரன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பூஜைக்கு முன்னால்கூட பரிதாவிடம் கேட்டிருந்தார். "தங்கச்சி, கம்ப்யூட்டருக்கு எங்க பொட்டு வெக்கலாம்? உள்ள கிள்ள போயிடாதே?" மேல்மூடியில் ஒரு ஓரமாக வைக்கும்படி சொல்லியிருந்தாள். அதே இடத்தில், கோணாமல், சின்னதாக வைத்திருந்தார்.

பரிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜமீர் ஸ்க்ரூடிரைவரோடு பக்கத்தில் நின்றான்.

"மேல்மூடியைக் கழட்டிப் பாத்துடலாமா?"

"மொதல்ல வெளிய இருக்கறதப் பாக்கலாங்க. நீங்க வூட்டுக் கடிகாரத்தக் கழட்டி இன்னும் அது டப்பாவுலதான் இருக்குது."

"அது ஸ்ப்ரிங்கு கெடைக்கல."

"கெடைக்கட்டும்."

ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தாள். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் கரண்டு இளைத்துப் போய்விடும். இன்று முள் பச்சைக் கோட்டுக்குள் நின்றது. பின்னால் கையை விட்டு ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். எல்லாம் இறுக்கமாக இருந்தன. பிறகு திரைக்குக் கீழே இருந்த திருகு கண்ணில் பட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. அது இடது பக்கம் கடைசிவரை போயிருந்தது. பூஜைக்காக மாதேஸ்வரன் ஈரத்துணி போட்டு நன்றாகத் துடைத்திருக்கிறார் என்று நினைத்தபடி வலது பக்கம் திருப்பினாள். கறுப்பிலிருந்து பச்சை எழுத்துக்கள் மெல்ல எழுந்து வந்தன.

"அடடே!" என்றான் ஜமீர். "இவ்ளோதானா?"

இவ்வளவுதான் இல்லை. திரையில் இருந்த வாக்கியத்தை அவள் படித்தாள். மெஷினை எழுப்புகிற ஃப்ளாப்பி இல்லை, அல்லது அதைப் படிக்க முடியவில்லை; வேறு போடு என்று அது கேட்டது.

அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக எதுவும் நினைவில் இருக்காது. தினமும் காலையில் உள்ளங்கையைவிடச் சற்று அகலமான ஒரு கறுப்பு ஃப்ளாப்பியைச் செருகினால்தான் அதைப் படித்துத் தான் யார் என்று தெரிந்துகொள்ளும். பரிதாவிடம் அந்த ஃப்ளாப்பி ஒன்றும், அதற்கு நகல் ஒன்றும் இருந்தன. மற்ற எட்டும் வெறும் ஃப்ளாப்பிகள். மாணவர்கள் எழுதிப் பழக வைத்திருந்தவை.

"நகலைப் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கையை நீட்டினாள்.

"அதையும் போட்டேன். ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டேன். மூஞ்சி கறுப்பா இருந்துச்சா, எது வேலை செய்யுதுன்னு ஒண்ணும் தெரியல."

நகலைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ தொண்டையைச் செருமிற்று. மறுபடி அதே வாக்கியம்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் மணி பத்தாகியிருந்தது. படியில் காலடிச் சத்தம். முதலில் மாதேஸ்வரன், தோளில் புதுத்துண்டு. அவருக்குப் பின்னால் நஞ்சப்பன், தட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ரூபாய் நோட்டும். அடுத்து முனியம்மாள், பட்டுப் பாவாடை தாவணியில். அவளுக்குப் பின்னால் ஐந்து பிள்ளைகளும் அவரவர் வீட்டு ஆட்களும். செருப்புகள் வாசலில் குவிந்தன. அறை நிறைந்தது. டைப்ரைட்டர் பெஞ்சுகளில் உட்கார்ந்து பொரி தின்ன ஆரம்பித்தார்கள்.

மாதேஸ்வரன் கண்ணாடித் தடுப்புக்குள் எட்டிப் பார்த்தார். இருவர் முகத்தையும் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என்னா பாய்?"

"எழுந்துக்கிச்சு. ஆனா படிக்க மாட்டேங்குது."

"நல்ல நேரம் ஆரம்பிக்க அரை மணிதானே இருக்குது?" அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தங்கச்சி, உன்னால ஆவலைன்னா இப்பவே சொல்லிடும்மா. நான் எதாச்சும் பேசிச் சமாளிக்கிறேன். நஞ்சப்பன்கிட்ட டைப்பிங் ஹையருல சேக்கச் சொல்றேன்."

கடிந்து சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னார். அதனாலேயே பரிதாவுக்கு வலித்தது.

"ஆவும்ணா. கொஞ்சம் இருங்க."

ஃப்ளாப்பியை வெளியே எடுத்தாள். சந்தனம் மணத்தது. அறை முழுக்க மணக்கிற சந்தனம்தான், ஆனால் இது அவள் விரலில் மணத்தது. பெயர்ச்சீட்டு மேலே தெரியும்படி பிடித்திருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு உறையின் அடிப்பக்கத்தில், வட்டின் உடம்பு கொஞ்சம் வெளியே தெரிகிற நீள்வட்டத் திறப்பு ஒன்று உண்டு. அதைக் கைபடாமல் வைத்திருக்க வேண்டும் என்று சேலத்தில் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். அந்தத் திறப்பில் சந்தனமும் குங்குமமும் ஒரு கோடாக இழுபட்டிருந்தன. சுழன்ற வேகத்தில் பொட்டு கோடாகியிருக்கிறது. மற்றதைத் திருப்பினாள். அதிலும் கோடு. டப்பாவில் இருந்த எட்டையும் காகித உறையிலிருந்து உருவினாள். சுழலாத எட்டிலும் அழகான வட்டப் பொட்டு. சந்தனத்தின் நடுவே குங்குமம். ஒன்றைக்கூட விடவில்லை.

இனிச் சொல்லவேண்டியதுதான். ஆனால் எப்படிச் சொல்வது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் பூஜை முடித்து, பூ வைத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பொட்டு வைத்ததால்தான் ஓடவில்லை என்று இவள் எழுந்து நின்று சொன்னால், அதைக் காதில் வாங்குகிறவர்கள் என்னவென்று வாங்குவார்கள்? மாதேஸ்வரன் முகம் என்னாகும்? பத்து ஃப்ளாப்பிக்கும் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காகித உறையை நீக்கி வைத்திருக்கிறார் மனுஷன்.

நஞ்சப்பன் தடுப்பருகே வந்துவிட்டார். "என்னா டீச்சரம்மா, ஏதாச்சும் தடங்கலுங்களா?"

"தடங்கல் ஒண்ணும் இல்லீங்க." பரிதா ஃப்ளாப்பியை மடியில் கவிழ்த்தாள். "இதைக் குளிப்பாட்டணும். அதுக்குத்தான் பாக்கறேன்."

"குளிப்பாட்டறதா?"

மாதேஸ்வரன் அவள் மடியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, நான் வெச்ச பொட்டா? தங்கச்சி, நீ மூடி மேல வெக்கச் சொன்னே, அங்கதான் வெச்சேன். இதுக்கு எங்கன்னு உன்னைக் கேக்கல. பொஸ்தகத்துக்கு வெளி அட்டையிலயா வெக்கிறோம்? மொதப் பக்கத்துலதானே வெக்கிறோம்? அப்புடி நெனச்சு காகித உறையை எடுத்துட்டு உள்ள வெச்சேன். மேப்பக்கம் நீ பேரு எழுதியிருந்தே, அது மறைஞ்சிடக் கூடாதுன்னு திருப்பி வேற வெச்சேன்."

பொரி மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. பரிதா நஞ்சப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மீசையை ஒரு பக்கம் தடவினார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வாத்தியாரே, நான் மட்டுந்தான் இப்புடின்னு நெனச்சேன். மூணு வருசம் முன்னாடி இதே பூஜைக்கு எங்க கெணத்து மோட்டாருக்குப் பொட்டு வெச்சேன். ஸ்டார்டர் பொட்டி மூடிக்கு வெச்சா அது மூடிக்குத்தானே ஆச்சு? உள்ளாற இருக்கறதுதானே வேலை செய்யுதுன்னு, மெயினை எறக்கிட்டு, மூடியைத் தொறந்து, கரண்டு ஒட்டற பித்தளைக் கட்டை மூணுக்கும் கெட்டியா சந்தனம் கொழச்சு வெச்சேன். மறுநாளு மோட்டார் எடுக்கவே இல்ல. வயர்மேன் வந்து தொறந்து பாத்துட்டு, வரப்பு மேல உக்காந்து சிரிச்சான் பாருங்க, தண்ணி குடுத்து நிறுத்தவேண்டியதாப் போச்சு."

"இன்னும் எங்கூர்ல அப்பாவுக்கு அதாங்க பேரு, பித்தளை நஞ்சப்பன்" என்றாள் முனியம்மாள்.

"ஏய்! அது இங்க வரைக்கும் வரணுமா?"

அறை முழுக்கச் சிரிப்பு. மாதேஸ்வரனும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பரிதாவும் சிரித்துவிட்டாள். ஆனால் கடிகாரம் பத்து இருபத்தைந்து காட்டியது.

சேலத்தில் ஒருவன் ஃப்ளாப்பி மேல் காபியைக் கொட்டிவிட்டான். சார் அந்த உறையை வெட்டி, உள்ளே இருந்த வட்டை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வேறு உறையில் போட்டு ஓட்டினார். பரிதா பக்கத்தில் நின்று பார்த்தாள், கையால் செய்ததில்லை.

"ஒரு தட்டுல தண்ணி, கொஞ்சம் குளிக்கிற சோப்பு, புது ப்ளேடு" என்றாள்.

ஜமீர் அதற்குள் பெட்ரோல் பாட்டிலோடு வந்து நின்றான். டைப்ரைட்டர் எழுத்துக்களில் அடைகிற மையை அவன் அதில்தான் கழுவுவான்.

"அது வேண்டாங்க! பூச்சு கரைஞ்சு வந்துடும். அந்தப் பூச்சுலதான் எல்லாமே இருக்குது."

"அப்ப எனக்கு என்னாதான் வேலை?"

"உங்களுக்குத்தான் பெரிய வேலை. இந்தச் சந்தனம் உள்ள படிக்கிற ஊசியிலயும் ஒட்டியிருக்கும். மருந்துக்கடையில ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிட்டு வந்து, பட்டும் படாம தொடைக்கணும். மூடியைக் கழட்டிக்கங்க."

ஜமீரின் முகத்தில் பெருநாள் வந்தது போலிருந்தது. மூன்று மூன்று படியாக இறங்கிப் போய், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, நான்கு திருகுகளையும் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு, ஈர்க்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, பெட்டிக்குள் தலையை நுழைத்தான். அவன் காலமாகிப் பல வருஷங்களான பிறகும் பரிதாவுக்கு அவன் முகம் என்றால் அதுதான் நினைவுக்கு வந்தது: உதட்டில் நான்கு திருகுகள், கன்னத்தில் ஒரு தூசிக் கோடு, மூச்சுக்கூட விடாத கவனம்.

அவள் ஃப்ளாப்பியின் மேல்விளிம்பில் ப்ளேடை வைத்து இழுத்தாள். உறை வாய் திறந்தது. உள்ளிருந்து காபிக்கொட்டை நிறத்தில், பிலிம் போல மெல்லிய வட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. நடு ஓட்டையில் ஒரு விரலை விட்டுப் பிடித்தபடி தட்டுத் தண்ணீரில் இறக்கினாள். தண்ணீர் மஞ்சளாயிற்று. விரலால் தேய்க்காமல், சோப்பு நுரையை மட்டும் மேலே ஓடவிட்டாள். இன்னொரு தட்டு நல்ல தண்ணீர். பிறகு இன்னொன்று. முனியம்மாள் கேட்காமலேயே தண்ணீரை மாற்றி மாற்றிக் கொடுத்தாள்.

"கொழந்தைக்கு ஊத்தற மாதிரி ஊத்துதே அந்தம்மா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"சாம்பிராணி போடல, அதான் பாக்கி" என்றார் நஞ்சப்பன்.

வட்டை மின்விசிறிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணியால் துடைத்தால் கீறும். காயட்டும் என்று நிற்கவேண்டியதுதான். கை கடுத்தது. மணி பதினொன்று தாண்டியது. யாரும் எழுந்து போகவில்லை. காய்ந்த பிறகு போட உறை வேண்டும். சுழன்ற இரண்டின் உறைக்குள்ளும் சந்தனம் பூசியிருந்தது. சுழலாத வெறும் ஃப்ளாப்பி ஒன்றை வெட்டி, அதன் வட்டை எடுத்துவிட்டு, சுத்தமான அந்த உறைக்குள் இதை நுழைத்தாள். வெட்டிய விளிம்பில் ஒட்டுத்தாள் ஒட்டினாள்.

ஜமீர் பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்தான். பஞ்சு மஞ்சளாக இருந்தது. கடைசிப் பஞ்சு வெள்ளையாகவே வந்தது என்று காட்டினான். மூடியைப் போட்டுத் திருகுகளை முறுக்கினான். ஒன்று கீழே விழுந்து கம்பளத்தில் மறைந்தது. எல்லோரும் குனிந்து தேடினார்கள். ஒரு பிள்ளையின் பொரிப் பொட்டலத்தில் கிடைத்தது.

பரிதா ஃப்ளாப்பியைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள்.

எண்கள் ஓடின. சிவப்பு விளக்கு எரிந்தது. தொண்டை செருமிற்று. நின்றது. மறுபடி செருமிற்று. அவள் உதடு தன்னையறியாமல் பிஸ்மி சொன்னது. பக்கத்தில் மாதேஸ்வரன் முருகா என்றார். திரை ஒரு தரம் வெறுமையானது. அப்புறம் பச்சையில் இரண்டு வரி வந்து, கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று துடித்துக்கொண்டு நின்றது.

"வந்துடுச்சு" என்றாள் பரிதா.

கூச்சல் எழுந்தது. நஞ்சப்பன் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தாறு. அவர் முகம் சுருங்கியது. தட்டை எடுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"ஆறு நிமிசம் போயிடுச்சுங்களே டீச்சரம்மா" என்றார் மெதுவாக.

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் அவரைப் பார்த்தார்கள். மாதேஸ்வரன் மறுபடி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

பரிதா திரைப் பக்கம் திரும்பினாள். "முனியம்மா, இங்க வந்து உக்காரு. அது என்னா கேக்குதுன்னு படி."

முனியம்மாள் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இன்னைக்கு என்னா தேதின்னு கேக்குதுங்க."

"அதுக்குத் தெரியாதா?" என்றார் நஞ்சப்பன்.

"தெரியாதுங்க. ஒவ்வொரு தரம் எழுந்திருக்கும்போதும் நாமதான் சொல்லணும். நாம சொல்றதுதான் அதுக்கு நாள்."

முனியம்மாள் தேதியை அடித்தாள். கோடு கீழே இறங்கிற்று.

"இப்ப மணி கேக்குதுங்க."

பரிதா நஞ்சப்பனைப் பார்த்தாள். "அதுக்கும் அப்புடித்தாங்க. அதுகிட்ட கடிகாரம் கெடையாது. நீங்க என்னா சொல்றீங்களோ அதான் நேரம். இன்னைக்குப் பூரா அந்தக் கணக்குலதான் ஓடும்."

நஞ்சப்பன் யோசித்தார். மீசையின் இன்னொரு பக்கத்தையும் தடவினார். சுவரில் இருந்த கடிகாரத்தையும் மேஜையில் இருந்த மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"படிக்கப் போறது இதுலயா, செவுத்துலயா?" என்று கடைசியில் கேட்டார்.

"இதுலதாங்க."

"அப்ப பதினொண்ணு பத்துன்னு போடும்மா முனி."

"பதினொண்ணு பத்துங்களா?"

"நல்ல நேரத்துக்கு உள்ளாறயே நல்லாத் தாராளமா இருக்கட்டும்."

முனியம்மாள் பத்து விரலும் சரியாக வைத்து, டைப்பிங் லோயரில் முதல் வகுப்பு வாங்கிய பெண் என்பது தெரியும்படி அடித்தாள். மெஷின் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. நஞ்சப்பன் தட்டை இரண்டு கையாலும் பரிதாவிடம் நீட்டினார். அவள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள். மற்ற ஐந்து பேரின் அப்பாக்களும், யார் முதலில் என்று இடித்துக்கொண்டு, தங்கள் ரூபாய் நோட்டுகளை மாதேஸ்வரனிடம் கொடுத்தார்கள்.

அவர் பெயர்களை எழுதி முடித்துவிட்டுத் தடுப்பருகே வந்தார்.

"தங்கச்சி, பெங்களூர்க்காரருக்கு இன்னைக்கே ஒரு கார்டு போட்டுடறேன்."

"என்னான்னுணா?"

"வண்டி அனுப்ப வேண்டாம்னு." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்புறம், அடுத்த வருசம் எதெதுக்கு எங்க வெக்கணும்னு ஒரு லிஸ்ட்டு எழுதிக் குடுத்துடு."

"அதை இதுலயே அடிச்சுக் குடுக்கறேண்ணா."

ஜமீர் கதவருகே நின்று பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று சைகையால் கேட்டான். பிசைந்த மாவு அடுப்படியில் அப்படியே இருப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள் என்று அவளும் சைகை காட்டினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, விசிலடித்தபடி இறங்கிப் போனான்.

பரிதா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். ஆறு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு திரையைச் சுற்றி நின்றார்கள். பின்னால் நின்றவனுக்குத் தெரியவில்லை என்று புகார் வந்தது. உயரமானவர்களைப் பின்னுக்கு அனுப்பினாள்.

"எல்லாரும் பாருங்க" என்றாள். "ஏ-ன்னு ஒரு எழுத்து நிக்குதா? பக்கத்துல ஒரு அம்புக்குறி. அப்புடி நின்னா, அது காத்துக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். நாம சொல்ற வரைக்கும் அதுவா ஒண்ணும் செய்யாது. பயப்பட வேண்டாம். அடுத்தது யாரு உக்காரப் போறீங்க?"